யார் கையில் பாஸ்புக்?

பேகம்பேட்டில் நம் ஆட்கள் பலர் இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வீட்டு வேலை செய்கிறவர்கள் உண்டு. இட்லிக் கடை போட்டிருப்பவர்களும் உண்டு. பல வீடுகளில் ஒரு தாத்தா அல்லது ஒரு பாட்டி இருப்பார். அவருக்கு மாதா மாதம் அரசாங்கப் பணம் வரும். அதை நாம் பென்ஷன் என்கிறோம். இங்கே தெலுங்கில் 'பிஞ்சன்' என்கிறார்கள்.

தெலங்கானா அரசு 2014 நவம்பரில் 'ஆசரா' என்ற பெயரில் இந்தப் பென்ஷனைத் தொடங்கியது. ஆசரா என்றால் ஆதரவு. முதலில் முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் மாதம் 1000 ரூபாய் கிடைத்தது. 2019ஆம் ஆண்டில் அது 2016 ரூபாய் ஆனது. மாற்றுத் திறனாளிகளுக்கு இதைவிடக் கூடுதல்.

2016 ரூபாய் பெரிய பணமா? சிலருக்கு இல்லை. ஆனால் பி.பி. மாத்திரை, காபித் தூள், பேரனுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். பிள்ளையிடம் கை நீட்டாமல் வாங்கிக்கொள்ளலாம். அதனால்தான் அந்தப் பணம் முழுதாக வர வேண்டும். குறித்த நாளில் வர வேண்டும். வந்த பணம் யார் பெயரில் வந்ததோ அவர் கையில் சேர வேண்டும்.

பணம் எப்படி வந்தது?

தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். வெகு காலம் அது மணியார்டரில் வந்தது. தபால்காரர் சைக்கிளில் வருவார். திண்ணையில் உட்காருவார். பாட்டியிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். ஒரு காசு குறைக்காத தபால்காரர்கள் இருந்தார்கள். அவர்களை ஊர் இன்றும் நினைக்கிறது. ஆனால் டீச் செலவுக்கு என்று ஐந்தோ பத்தோ பிடித்துக்கொண்டு கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. பாட்டிக்குத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கொள்வாள்.

இப்படிக் கை மாறி வரும் பணம் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து கீழே வருவதற்குள் கரைந்து போகும். ஏழைக்கு என்று அரசாங்கம் ஒதுக்கும் ஒரு ரூபாயில் 15 காசுதான் ஏழையிடம் போய்ச் சேருகிறது என்று 1985ஆம் ஆண்டில் பிரதமர் ராஜீவ் காந்தியே சொன்னார். இறந்து போனவர் பெயரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிய கதைகளும் உண்டு.

நம் பக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போது ஆந்திரப் பிரதேசம் ஒரே மாநிலம். 2010 முதல் 2012 வரை எட்டு மாவட்டங்களில் 157 மண்டலங்களை எடுத்துக்கொண்டார்கள். சில மண்டலங்களுக்கு ஸ்மார்ட் கார்டு முதலில் வந்தது. மற்ற மண்டலங்களுக்குப் பிறகு வந்தது. பணம் வாங்குகிறவர் விரல் ரேகை வைத்துப் பணம் வாங்கும் முறை அது. ஆராய்ச்சி செய்தவர்கள் வீடு வீடாகப் போனார்கள். 'உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது?' என்று கேட்டார்கள். பிறகு அரசாங்கக் கணக்கைப் பார்த்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

ஸ்மார்ட் கார்டு வந்த இடங்களில் நூறு நாள் வேலைக் கூலி சில நாட்கள் முன்னதாகவே கிடைத்தது. ஒவ்வொரு முறையும் கூலி வாங்கக் காத்திருக்கும் நேரத்தில் 22 நிமிடம் குறைந்தது. கூலிப் பணத்தில் நடுவில் காணாமல் போவது ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. பென்ஷன் பணத்தில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பழைய முறை வேண்டுமா, புது முறை வேண்டுமா என்று மக்களையே கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புது முறை என்றார்கள்.

2013 ஜனவரி முதல் தேதி மத்திய அரசு 'நேரடிப் பணப் பரிமாற்றம்' என்ற முறையைத் தொடங்கியது. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். நடுவில் ஆள் இல்லை. அதே ஆண்டு ஜூன் முதல் தேதி கேஸ் மானியமும் அப்படி வரத் தொடங்கியது. முதலில் சேர்ந்த மாவட்டங்களில் ஐதராபாதும் ஒன்று. 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன தன் கணக்குத் திட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் 56 கோடி ஜன தன் கணக்குகள் இருந்தன. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. ஊரில் இருக்கும் உங்கள் அக்காவையோ அண்ணியையோ கேட்டுப் பாருங்கள்.

பாட்டி சொன்னது

எங்கள் மையத்துக்கு ஒரு பாட்டி வருவார். வயது எழுபதுக்கு மேல். பெயர் எழுதக் கற்றுக்கொண்டார். எண்களை நன்றாகப் படிப்பார். அவருக்குப் பணம் வாங்கித் தர ஒரு ஆள் இருந்தான். தெருக்காரன்தான். மாதம் 100 ரூபாய் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான்.

"பாட்டி, பணம் உங்கள் கணக்கிலேயே விழும்படி செய்யலாமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம் கண்ணு. பேங்க்ல போட்டா யாரு கொண்டு வந்து தருவா? அவன் நூறு எடுத்தாலும் கையில குடுக்குறான்ல?"

"வருஷத்துக்கு எவ்வளவு ஆகுது பாட்டி?"

பாட்டி சிலேட்டை எடுத்தார். 100 என்று எழுதினார். பக்கத்தில் 12 என்று எழுதினார். பெருக்கினார். 1200 வந்தது.

"அடேயப்பா! இதுல ரெண்டு சேலை வாங்கலாமே!" என்றார்.

பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிந்தது.

"சரி, பேங்க்ல போடுறேன். கார்டு என் மவன் கிட்ட இருக்கும். அவன் எடுத்துக்கிட்டா?"

தெருக்காரனுக்குப் பதில் வீட்டுக்காரன் எடுத்தால் பாட்டிக்கு என்ன லாபம்? கணக்கு பாட்டி பெயரில் இருந்தால் மட்டும் போதாது. பாஸ்புக் பாட்டியிடம் இருக்க வேண்டும். ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் பாட்டிக்கு மட்டும் தெரிய வேண்டும். மகனுக்குக் கொடுக்கலாம். அது பாட்டியின் இஷ்டம். பாட்டி எடுத்துக் கொடுத்தால் அது பாசம். மகன் சொல்லாமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர்.

கணக்கு திறப்பது

ஆதார் கார்டு, போட்டோ, போன் நம்பர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வங்கிக்குப் போங்கள். 'ஜன தன் கணக்கு' என்று கேளுங்கள். அல்லது 'குறைந்தபட்ச இருப்பு வேண்டாத சாதாரண சேமிப்புக் கணக்கு' என்று கேளுங்கள். இதில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் கணக்கு இருக்கலாம். அபராதம் பிடிக்க மாட்டார்கள். பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் இலவசம். மாதம் நான்கு முறை காசு கொடுக்காமல் பணம் எடுக்கலாம். வேறு வகைக் கணக்கு என்றால் இருப்புக் குறைந்தால் பணம் பிடிக்கக்கூடும். அதனால் எந்த வகைக் கணக்கு என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கையெழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் முன்பு கைநாட்டு வைத்துக் கணக்கு திறந்திருப்பீர்கள். இப்போது எழுதத் தெரியும். வங்கிக்குப் போய் 'இனி நான் கையெழுத்துப் போடுவேன்' என்று சொல்லுங்கள். ஒரு தாளில் மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தமிழிலேயே போடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போட வேண்டும். நோட்டில் பத்து முறை எழுதிப் பழகிவிட்டுப் போங்கள்.

வாரிசு பெயரையும் அன்றே எழுதச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு வீட்டில் அலைச்சல்.

கணக்கு கிடைத்ததும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுங்கள். உங்களுக்கு எந்த ஆபீஸில் பென்ஷன் சாங்ஷன் ஆனதோ அங்கே கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். ரசீது தர மறுத்தால் உங்கள் நகலில் தேதி போட்டு முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள்.

ஆதார் எந்தக் கணக்கில்?

இதை இரண்டு முறை படியுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருக்கலாம். ஆனால் ஆதார் எண்ணைப் பார்த்து அனுப்பும் அரசாங்கப் பணம் ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும். கடைசியாக எந்த வங்கியில் அதற்கு ஆதாரை இணைத்தீர்களோ, அந்த வங்கிக்குப் போகும்.

2017ஆம் ஆண்டில் என்ன நடந்தது தெரியுமா? ஏர்டெல் போன் வைத்திருந்த பலர் சிம் கார்டைச் சரிபார்க்க ஆதாரும் விரல் ரேகையும் கொடுத்தார்கள். அவர்களில் லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரியாமலே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய கேஸ் மானியம் பழைய வங்கிக்குப் போகாமல் இந்தப் புதுக் கணக்கில் விழுந்தது. 'மானியம் வரவில்லையே' என்று மக்கள் பழைய பாஸ்புக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்தது. ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கான ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

அதனால் எங்கே விரல் வைத்தாலும் 'எதற்கு?' என்று கேளுங்கள். பணம் வராவிட்டால் முதலில் வங்கியில் 'என் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது?' என்று கேளுங்கள். பணம் தொலைந்திருக்காது. வேறு கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. கணக்கை வெகு நாள் தொடாமல் விட்டால் அது தூங்கிவிடும். பத்து ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆதார், விலாச விவரங்களைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2014ல் திறந்த ஜன தன் கணக்குகளுக்குப் பத்து ஆண்டு முடிந்ததால், 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் இதற்கு முகாம் நடத்தினார்கள். முகாமுக்குப் போகாதவர்கள் வங்கிக்கே போய்ச் செய்துகொள்ளலாம்.

விரல் வைத்துப் பணம் எடுப்பது

எல்லோராலும் வங்கி வரை போக முடியாது. அதற்காக 'வங்கி மித்ரா' என்று ஆட்களை வைத்திருக்கிறார்கள். கிரானா கடையிலேயே ஒரு சின்ன மெஷினோடு உட்கார்ந்திருப்பார். ஆதார் நம்பர் சொல்லி விரல் வைத்தால் பணம் தருவார். நல்ல வசதிதான். ஆனால் கண் திறந்திருக்க வேண்டும்.

விரல் வைத்ததும் சீட்டு வரும். அதை வாங்குங்கள். அதில் எடுத்த பணமும் மீதி இருப்பும் எண்ணில் இருக்கும். உங்களுக்கு எண் படிக்கத் தெரியும். நின்று படியுங்கள். 'மெஷின் வேலை செய்யவில்லை, மறுபடி விரல் வையுங்கள்' என்று சொன்னால், முதல் முறைக்கும் சீட்டு கேளுங்கள். வேலை செய்யவில்லை என்றாலும் சீட்டில் அப்படி வரும். சீட்டு தராத ஆளிடம் அடுத்த மாதம் போகாதீர்கள்.

வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் சுண்ணாம்பு, சிமெண்டு தொடுகிறவர்களுக்கும் அப்படித்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பாஸ்புக்கோடு வங்கிக்கே போய் எடுக்கலாம். ரேகை விழவில்லை என்பதற்காக உங்கள் பணம் இல்லை என்று ஆகிவிடாது.

ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் வங்கியில் சொல்லுங்கள். ஐந்து நாளுக்குள் அதைத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு மேல் ஆனால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும். இது 2019ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

போனில் யாராவது 'உங்கள் பென்ஷன் நின்றுவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்றால் போனை வைத்துவிடுங்கள். எந்த வங்கியும் எந்த ஆபீஸும் ஓ.டி.பி. கேட்காது. சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். அன்றே வங்கியிலும் எழுதிக் கொடுங்கள்.

எல்லோருக்கும் வங்கிதான் நல்லதா?

இல்லை என்றுதான் நான் சொல்வேன். பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்.

ஆந்திரப் பிரதேசத்தில் 2020 முதல் வாலன்டியர்கள் பென்ஷனை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். 2024ல் தேர்தல் வந்தது. வாலன்டியர்கள் பணம் கொடுக்கக் கூடாது என்று தேர்தல் கமிஷன் சொன்னது. ஏப்ரலில் முதியவர்கள் பலர் சச்சிவாலய ஆபீஸுக்கு நடந்தார்கள். மே மாதம் பலருக்குப் பணம் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. அங்கே பென்ஷன் வாங்குகிறவர்கள் அறுபது லட்சத்துக்கும் மேல். மே மாத வெயில் எப்படி இருக்கும்? வங்கி வாசலில் நீண்ட வரிசை. சிலருக்குத் தங்கள் கணக்கு எந்த வங்கியில் என்றே தெரியவில்லை. சிலருடைய கணக்கு தூங்கிப் போயிருந்தது. அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி மறுபடியும் பணம் வீட்டுக்கே வந்தது. இந்த முறை அரசு ஊழியர்கள் கொண்டு வந்தார்கள்.

படுக்கையில் கிடக்கிற தாத்தாவுக்கு வீட்டில் கொண்டு வந்து கொடுப்பதே நல்லது. நடக்க முடிந்தவருக்கு, வங்கி பக்கத்தில் இருப்பவருக்கு, கணக்கு நல்லது. இங்கே பேகம்பேட்டில் வங்கிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவசரத்தில் மாறாதீர்கள். முதலில் கணக்கைத் திறந்து கையில் இருக்கும் 100 ரூபாயைப் போட்டுப் பாருங்கள். எடுத்துப் பாருங்கள். பழகிய பிறகு பென்ஷனை மாற்றுங்கள்.

பாஸ்புக் படிப்போம்

இங்கே பாஸ்புக்கில் தலைப்புகள் தமிழில் இருக்காது. பயப்பட வேண்டாம். எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். இடது ஓரத்தில் இருப்பது தேதி. வலது ஓரத்தில் கடைசிக் கட்டம் இருப்பு. நடுவில் ஒரு கட்டம் எடுத்த பணம், ஒரு கட்டம் வந்த பணம். எந்தக் கட்டம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருப்பைப் பாருங்கள். கூடியிருந்தால் பணம் வந்திருக்கிறது. குறைந்திருந்தால் பணம் போயிருக்கிறது.

பாஸ்புக்கை வங்கியில் கொடுத்தால் அச்சடித்துத் தருவார்கள். சில வங்கிகளில் அதற்கு ஒரு மெஷினே இருக்கிறது. மாதம் ஒரு முறை அச்சடித்து வாங்குங்கள்.

இது ஒரு பாட்டியின் பாஸ்புக் பக்கம். படியுங்கள்.

ஏப்ரல் 1: இருப்பு 540
ஏப்ரல் 5: வந்தது 2016, இருப்பு 2556
ஏப்ரல் 7: எடுத்தது 1500, இருப்பு 1056
மே 4: வந்தது 2016, இருப்பு 3072
மே 6: எடுத்தது 500, இருப்பு 2572
மே 6: எடுத்தது 500, இருப்பு 2072

கேள்விகள்

ஏப்ரல் மாதம் பென்ஷன் எந்தத் தேதியில் வந்தது? மே மாதம் எந்தத் தேதியில் வந்தது?

ஏப்ரல் 7 அன்று பாட்டி எவ்வளவு எடுத்தார்? மீதி எவ்வளவு?

மே 6 அன்று பாட்டி கடையில் விரல் வைத்தார். முதல் முறை 'மெஷின் வேலை செய்யவில்லை' என்றார்கள். இரண்டாம் முறை விரல் வைத்ததும் 500 ரூபாய் கொடுத்தார்கள். பாஸ்புக்கில் என்ன இருக்கிறது? பாட்டியின் இருப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? பாட்டி முதலில் யாரிடம் போக வேண்டும்? கையில் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

வங்கி மேனேஜருக்குப் பாட்டி சார்பில் நான்கு வரியில் ஒரு மனு எழுதுங்கள். தேதியும் ரூபாயும் எண்ணில் எழுதுங்கள். கீழே கையெழுத்துக்கு இடம் விடுங்கள்.

நாளை வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பாஸ்புக்கை எடுத்து வாருங்கள். கடைசி வரியை நீங்களே சத்தமாகப் படிக்க வேண்டாம்; மனத்துக்குள் படியுங்கள். உங்கள் இருப்பு உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.